ஸ்டோர் ரூம் கணக்கை எக்செல்லில் ஏற்றினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழக அறிவியல் துறைகளில் வேதிப்பொருள் வைக்கும் ஸ்டோர் ரூம்களைக் கணினிமயமாக்க வேண்டும் என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் நான் வேலை பார்த்த வேதியியல் துறையில் அது எப்படி நடந்தது தெரியுமா? பழைய ஸ்டாக் ரெஜிஸ்டரில் இருந்ததை வரி மாறாமல் எக்செல்லில் தட்டி ஏற்றினார்கள், துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கினார்கள், அத்தோடு சரி. அலமாரியைத் திறந்து பார்த்தவர் யாருமில்லை.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஐசோபுரொப்பனால், 2-புரொப்பனால் மூன்றும் ஒரே சரக்குதான், ரெஜிஸ்டரில் மூன்று பக்கத்தில் இருக்கும். ஒரு பக்கத்தில் இருப்பு இல்லை என்று புதிதாக வாங்க இன்டென்ட் போடுவார்கள், இன்னொரு பக்கத்துச் சரக்கு அலமாரியில் தூங்கும். மார்ச் மாதம் நிதி திரும்பிப் போய்விடுமே என்று வாங்கிக் குவிப்பது தனி. ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் சிஏஎஸ் எண் என்று தனி அடையாள எண் ஒன்று உண்டு, பெயர் எத்தனை இருந்தாலும் எண் ஒன்றுதான், இதற்கு 67-63-0, பெரும்பாலும் லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். அதை வைத்துப் பதிந்தால் இந்தக் குழப்பமே வராது.

அப்புறம், கணக்கு பாட்டில் வாரியாக வேண்டும். 'டை எத்தில் ஈதர், 5 லிட்டர்' என்று எழுதி வைத்து என்ன பயன்? எந்த பாட்டில் எப்போது வந்தது, எப்போது திறந்தார்கள் என்பதல்லவா முக்கியம். திறந்த ஈதரில் காற்றும் வெளிச்சமும் பட்டு, வெடிக்கக்கூடிய பெராக்சைடு உருவாகும், மூடியைச் சுற்றி வெள்ளையாகப் படிகம் கட்டியிருந்தால் அதைத் திருகுவதே ஆபத்து. பிக்ரிக் அமிலமோ ஈரம் வற்றினால் வெடிமருந்துதான். பாட்டிலுக்கு ஒரு க்யூஆர் ஒட்டி, திறந்த தேதியைப் போனிலேயே பதிய முடியும், 'ஓபன் என்வென்டரி' மாதிரி இலவச மென்பொருளும் இருக்கிறது. கையோடு, ஏ முதல் இசட் வரை வரிசையாக அடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம், அந்த வரிசையில் நைட்ரிக் அமிலமும் நைட்ரோபென்சீனும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காரும், இரண்டும் கலந்தால் வெடிக்கக்கூடும் என்று வேதியியல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. (மதுவில் இருக்கும் ஆல்கஹாலான எத்தனால் கணக்கு மட்டும் மில்லி பிசகாது. மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறைக்குப் பதில் சொல்ல வேண்டுமே!)

உண்மையான சிக்கல் மென்பொருளில் இல்லை. காலாவதியான பாட்டிலைக் கணக்கிலிருந்து நீக்க ஒருவருக்கும் துணிச்சல் வராது. ஆண்டுச் சரிபார்ப்பில் பாட்டில்களை எண்ணி டிக் போடுவார்கள், உள்ளே இருப்பது கெட்டுப்போனதா என்பது கேள்வியே இல்லை, ஒன்று குறைந்தால்தான் தணிக்கையில் கேள்வி வரும். அதனால் ஓய்வு பெறுகிறவர் அடுத்தவரிடம் அதை அப்படியே ஒப்படைத்துவிட்டுப் போகிறார்.

கெட்டதை நீக்கும் அதிகாரத்தைத் துறைத் தலைவருக்கே கொடுங்கள், அப்புறப்படுத்தும் செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள். அபாயகரமான கழிவுகளைக் கையாளக் கும்மிடிப்பூண்டியில் வசதி இருக்கிறது, அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் துறையின் கையில் காசு இருப்பதில்லை. காலியாகக் கிடக்கும் ஸ்டோர் கீப்பர் பணியிடங்களையும் நிரப்புங்கள். ஸ்கேனர் வாங்கி வைத்துவிட்டு, ஆராய்ச்சி மாணவர்கள் தலையில் அந்த வேலையைக் கட்டாதீர்கள்.

- ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், மதுரை