காலி டின்னுக்கு 25 சென்ட்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்து, பேத்தியைப் பள்ளிக்கூடம் வரை கூட்டிப்போய் விடுகிற அளவுக்கு நடமாட்டம் வந்துவிட்டது என்று படித்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே பெரியவன் கொண்டலாம்பட்டிப் பக்கம் குடிபோய்விட்டான். அம்மாபேட்டை வீட்டில் இப்போது நானும் அவளும்தான். வெயிலைப் பற்றி உனக்கு எழுத வேண்டியதில்லை.

ஜெர்மனியில் குளிர்பானம் குடித்த காலி டின்னைக் கடையில் இருக்கிற இயந்திரத்துக்குள் போட்டால் 25 சென்ட் திருப்பித் தருகிறான், ஒரு தகரத்துக்கு இத்தனை மரியாதையா என்று கேட்டிருந்தாய். அது பெரும்பாலும் தகரம் இல்லை சுந்தரம், அலுமினியம். காந்தத்தை வைத்துப் பார், ஒட்டாது. மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலையில், உலோகம் எடுக்கிற தொட்டிகள் இருக்கும் பாட் ரூமில் நின்றவனிடம் போய் இதைக் கேட்டுவிட்டாய். நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

நம் சேர்வராயன் கோயில் மேட்டில் செருப்பில் ஒட்டும் செம்மண் இருக்கிறதே, அந்த மலைப் பக்கத்து பாக்சைட்டும் (அலுமினியம் எடுக்கிற தாது) கொல்லிமலை பாக்சைட்டும்தான் லாரி லாரியாக ஆலைக்கு வந்தன. 1965-ல் உற்பத்தி தொடங்கி 2008-ல் நின்றது. ஒரு டன் அலுமினியத்துக்கு நான்கைந்து டன் பாக்சைட் வேண்டும். அதைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் வெள்ளை மாவு மாதிரி அலுமினா வரும், மீதி செஞ்சேறு. அந்தச் சேற்றில் காஸ்டிக் இருப்பதால் அதைக் கொட்டி வைத்த இடத்தில் புல் முளைக்காது.

அதற்குப் பிறகுதான் பெரிய செலவு. உருகிய கிரையோலைட் என்ற உப்பில் அந்த மாவைக் கரைத்து, ஏறக்குறைய 950 டிகிரி சூட்டில் மின்சாரம் பாய்ச்ச வேண்டும். ஒரு தொட்டிக்கு நான்கைந்து வோல்ட்தான், ஆனால் ஆம்பியர் ஆயிரக்கணக்கில். ஷிப்டுக்குப் போகும்போது வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவோம், காந்தப்புலத்தில் அது நின்றுவிடும். சட்டைப்பையில் சாவிக்கொத்து இருந்தால் தானாக ஒரு பக்கம் இழுக்கும். புதிதாகச் சேர்ந்த பையன்களை அதை வைத்து பயமுறுத்துவது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. மின்சாரம் சில மணி நேரம் போனால் தொட்டிகள் உறைந்து கல்லாகிவிடும். ஒரு கிலோ அலுமினியம் எடுக்க 14, 15 யூனிட் என்று வைத்துக்கொள். நீ கையில் வைத்திருக்கிற டின் 13 கிராம்போல இருக்கும். அதற்கு உருக்கியெடுக்கும் மின்சாரம் மட்டுமே, 9 வாட் எல்.இ.டி. பல்பு 20 மணி நேரத்துக்கு மேல் எரிகிற அளவு.

பழைய டின்னை உருக்குவதற்கு இதெல்லாம் வேண்டாம். 660 டிகிரியில் உருகிவிடும். பாக்சைட்டும் வேண்டாம், காஸ்டிக்கும் வேண்டாம், செஞ்சேறும் இல்லை. புதிதாக எடுக்கிற ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதம்தான் ஆகும். எத்தனை தடவை உருக்கினாலும் உலோகம் உலோகமாகவே இருக்கும், பிளாஸ்டிக் மாதிரி ஒவ்வொரு சுற்றிலும் தரம் இறங்காது. அதனால்தான் டின் திரும்பி வருவது முக்கியம். டின்னில் இருக்கிற உலோகத்துக்கு அவ்வளவு விலை கிடையாது. நீ அதைத் தெருவில் எறியாமல் கொண்டுவந்ததற்குத்தான் அந்தக் காசு, அதுவும் டின் வாங்கும்போதே விலையோடு சேர்த்து நீ முன்பணமாகக் கொடுத்த காசுதான்!

நசுங்கிய டின்னை இயந்திரம் வாங்க மாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொண்டாய். அது பார்கோடைப் படித்துப் பார்த்துத்தானே காசு தரும். செவ்வாய்ப்பேட்டையில் என் மச்சான் வைத்திருக்கிற பழைய இரும்புக் கடையில் நேர்மாறு. நசுக்காமல் கொண்டுபோனால் "காத்தை எடை போடவா மாமா கொண்டு வந்தீங்க?" என்பான். அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும் நீ. வேலைக்கு இருக்கிற அம்மா கயிற்றில் கட்டிய காந்தத்தை மூட்டைமேல் ஒரு இழுப்பு இழுக்கும். ஒட்டினது இரும்புப் பக்கம், ஒட்டாதது அலுமினியப் பக்கம். அதிலும் குண்டான், தட்டு ஒரு ரகம், ஜன்னல் சட்டம் ஒரு ரகம், கரண்டுக் கம்பி ஒரு ரகம், டின் ஒரு ரகம். ஒன்றோடொன்று கலந்தால் விலை விழுந்துவிடும். ஒரு கிலோவுக்கு எழுபது எண்பது டின் பொறுக்க வேண்டும், நூறு ரூபாய்க்குக் குறையாமல் கிடைக்கும். அதனால் சேலத்தில் காலி டின் ரோட்டில் அதிக நேரம் கிடக்காது. பிரேசிலில் உன் ஊர் மாதிரி முன்பணம் எதுவும் இல்லாமலே 95 சதவீதத்துக்கு மேல் டின் திரும்பி வருகிறது. அதெல்லாம் பொறுக்குகிறவர்கள் உழைப்பு. பேர் மட்டும் கம்பெனிகளுக்கு.

ஒரு குறை உண்டு. டின்னின் உடம்பும் மூடியும் ஒரே கலவை இல்லை. உடம்பில் மாங்கனீஸ், மூடியில் மெக்னீசியம் அதிகம். பக்குவமாகச் செய்தால் டின் மறுபடியும் டின்னாகும். நம் பக்கத்தில் கொண்டுபோவதோ பெரும்பாலும் மோட்டார், வண்டிப் பாகம் வார்க்கிற பட்டறைக்கு. அதுவும் வீண் இல்லை, ஆனால் அடுத்த டின்னுக்கு வேறெங்கிருந்தோ உலோகம் வர வேண்டும்.

எனக்கு எரிச்சல் வேறொன்றில். போன மாதம் ஏற்காடு போயிருந்தோம். கொண்டைஊசி வளைவுகளில் குரங்குகள் சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து உள்ளே நக்கிக்கொண்டிருந்தன. உள்பக்கம் வெள்ளியாக மின்னுகிறதே, அதுவும் அலுமினியம்தான். ஆனால் பிளாஸ்டிக் தாள்மேல் ஆவியாகப் படியவைத்தது, ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதை எந்தக் கடைக்காரன் வாங்குவான்? கையில் கசக்கிப் பார், சிப்ஸ் கவர் மறுபடி விரியும், ஓட்டலில் பார்சல் கட்டுகிற சில்வர் பேப்பர் முழு அலுமினியம், கசக்கினபடியே இருக்கும். மாத்திரை அட்டையும் இதே சங்கதிதான், பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிப் பிறந்தது. ஜூஸ் அட்டைப்பெட்டிக்குள் 5 சதவீதம் அலுமினியம் இருக்கிறது, அதைக் காகிதத்திலிருந்து பிரிக்கத் தனி ஆலை வேண்டும்.

2019-ல் பிளாஸ்டிக் தடை வந்த பிறகு பார்சலுக்கு சில்வர் பேப்பர் பெருகிவிட்டது. குழம்பு ஒட்டிய மெல்லிய தாளை அப்படியே உலையில் போட்டால் உருகுவதற்கு முன்னாலேயே ஒரு பகுதி எரிந்து கசடாகிவிடும். நாங்கள் வீட்டில் அலசி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, கைப்பிடி அளவு உருண்டையானதும் மச்சானுக்குக் கொடுக்கிறோம். அவன் சிரிக்கிறான், ஆனாலும் வாங்கிக்கொள்கிறான். சட்னிக்கு வாழை இலையே போதும் என்பது என் கட்சி.

ஆகையால் "முடிவில்லாமல் மறுசுழற்சி செய்யலாம்" என்று எதன்மேலாவது அச்சடித்திருந்தால், எப்படித் திரும்பப் போகிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். திரும்பாத டின்னைவிட, கழுவிக் கழுவி நிரப்புகிற சோடா கண்ணாடி பாட்டில் எவ்வளவோ மேல். நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தது. அதே மாதிரி சிப்ஸ் கவருக்கும் இரண்டு ரூபாய் வைக்கட்டும், எங்கள் மலை எப்படி ஆகிறது என்று பார்ப்போம்.

பங்குனிக்குள் வருவதாகச் சொன்னாய். வந்தால் தட்டு வடை செட் என் செலவு. அதற்குள் ஒன்று மட்டும் மருமகளிடம் விசாரித்து எழுது: அங்கே மாத்திரை அட்டையை எந்தத் தொட்டியில் போடச் சொல்கிறார்கள், அது கடைசியில் எங்கே போகிறது? மச்சான் நம்ப மாட்டேன் என்கிறான், அதை எவனாவது வாங்குவானா என்று.

அன்புடன்,
நடேசன்