காலி என்று எழுதுவதற்கு முன் ஒரு நகல் எடுக்க விடுங்கள்: நூலகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய நூலகக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தங்கள் நூலகத்தில் இருக்கும், நான் தட்டச்சு செய்த 212 பிளாப்பிகளை (பழைய கணினிச் சேமிப்பு வட்டுகளை) பற்றி எழுதுகிறேன். சென்ற வாரம் தங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த பதிலில், மேற்படி பிளாப்பிகள் பரிசோதிக்கப்பட்டதில் உள்ளடக்கம் ஏதும் இல்லை எனத் தெரியவருவதால் அவை பிற கழிவுப் பொருள்களுடன் ஏலத்தில் விடப்படும் என்று ஒரு வரி இருந்தது. பரிசோதனை எப்படி நடந்தது என்று அறிந்துகொள்ள நேரில் வந்தேன். கணினிப் பிரிவில் இருக்கும் தம்பி ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்றை வாங்கி, கைக்கு முதலில் வந்த 47-ஆம் எண் பிளாப்பியைப் போட்டிருக்கிறார். "இந்த வட்டு ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யலாமா?" என்று கணினி கேட்டிருக்கிறது. ஃபார்மட் என்றால் வட்டைப் புதிதாக எழுதத் தயார்செய்வது; பழைய கோப்புகள் பட்டியலிலிருந்து போய்விடும். அவர் "ஆம்" என்று அழுத்தியிருக்கிறார். பிறகு திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. "காலி" என்று பதிவேட்டில் எழுதிவிட்டார்.

அடுத்த இரண்டு பிளாப்பிகள் திறந்தன. ஆனால் எழுத்துகள் கன்னாபின்னாவென்று தெரிந்ததால் "கோப்புகள் சிதைந்துள்ளன" என்று எழுதினார். ஆக, 212 பிளாப்பிகளின் தலையெழுத்து மூன்றை வைத்து முடிவாகிவிட்டது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்த ஒரு சோற்றையும் தாமே கீழே கொட்டிவிட்டு, பானை காலி என்று குறிப்பெழுதியதை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அந்தத் தம்பியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிளாப்பி புழக்கத்தில் இருந்த காலத்தில் அவர் பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டார். சொல்லித்தர ஆள் வைக்காமல் அவர் கையில் அதைக் கொடுத்தவர்களிடம்தான் நான் பேசுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: முழுமையாகப் படியெடுத்து முடிக்கும்வரை அந்தப் பிளாப்பிகளில் ஒன்றைக்கூட யாரும் கணினியில் போட வேண்டாம், ஏலத்திலும் விட வேண்டாம்.

47-ஆம் எண்ணில் இருந்தவை தெருக்கூத்து வசனங்கள் என்பது தங்களுக்குத் தெரியும்; என் மூன்று கடிதங்களிலும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் கோப்பில் வராத ஒன்றைச் சொல்ல வேண்டும். 1995-இல் லாங் பஜாருக்கு அருகில் டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) கடை வைத்திருந்தபோது, அணைக்கட்டுப் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர் இரவு எட்டு மணிக்குமேல் வந்து, முக்காலியில் உட்கார்ந்து, கூத்தை நடத்திச்செல்லும் கோமாளியான கட்டியங்காரனின் வசனங்களைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். அவரால் வெறுமனே சொல்ல முடியாது. மேசையில் தாளம் தட்டிப் பாடினால்தான் அடுத்த அடி வரும். நடுவில் நான் "என்ன சொன்னீங்க வாத்தியாரே?" என்று கேட்டுவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடர வராமல் மறுபடியும் முதலிலிருந்து பாடுவார். மின்சாரம் போய்விடுமோ என்ற பயத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிளாப்பியில் சேமித்துக்கொண்டே இருப்பேன். வேலை முடிந்த இரவு, பிளாப்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்குள்ளயா இருக்கேன் நான்?" என்று கேட்டார். அவர் விரலில் இருந்த வெற்றிலைச் சுண்ணாம்பு லேபிளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தடம் இன்றும் அதில் இருக்கிறது; பக்கத்திலேயே "வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்" என்று என் கையெழுத்தும் இருக்கிறது. அந்தப் பெயரில் இன்று மாவட்டமே இல்லை. அதன்பின் வந்த வேலூர் மாவட்டத்தையும் 2019-இல் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள்.

வாத்தியார் காலமாகி வெகுநாளாகிறது. அவருடைய நோட்டுப் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது. என் கடைக் கணினியின் ஹார்டு டிஸ்க் பழுதானபோது என்னிடமிருந்த படியும் போயிற்று. இன்னொரு படி வைத்துக்கொள்ளாதது என் அசட்டைதான், அதை மறைக்கவில்லை. சென்ற தை மாதம் அவருடைய பேத்தி என்னைத் தேடி வந்தார். இப்போது அவரும் கூத்துக் கட்டுகிறார். "தாத்தா குரல் இல்லாட்டியும் பரவால்ல ஐயா, வார்த்தை கிடைச்சாப் போதும்" என்றார். உங்கள் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது என்று நான்தான் அவரிடம் சொன்னேன். இப்போது அவர் தொலைபேசியில் அழைத்தால் எடுக்கக் கூச்சமாக இருக்கிறது.

நல்லவேளையாக, 47-ஆம் எண் முற்றிலும் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. தம்பி செய்தது விரைவு ஃபார்மட் என்றால், 1.44 மெகாபைட் பிளாப்பியில் உள்ள 2,880 செக்டர்களில் (தரவு எழுதும் சிறு பகுதிகளில்) முதல் 33 செக்டர்கள்தான் புதிதாக எழுதப்பட்டிருக்கும். கோப்புகளின் பட்டியலும், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையும் அங்கேதான் இருக்கின்றன. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்தது போலத்தான் அது. மற்றப் பக்கங்கள் உள்ளேயே கிடக்கும். ஆனால் முழு ஃபார்மட் என்றால் எல்லாமே அழிந்திருக்கும். இரண்டில் எது நடந்தது என்று தம்பிக்கு நினைவில்லை. அதனால்தான் மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன், அதை இன்னொரு முறை யாரும் டிரைவில் போட வேண்டாம்.

சிதைந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட மற்ற இரண்டும் சிதையவே இல்லை. அன்றைக்குத் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு குறியீடாக இருந்தன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருந்தார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற பொதுவான தமிழ்க் குறியீட்டுத் தரங்கள் வந்தன. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுக் குறியீடான யூனிகோட் பரவலானது அதற்கும் பிறகுதான். 1995-இன் கோப்பை இன்றைய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். அதை யூனிகோடுக்கு மாற்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. எந்த எழுத்துரு என்று தெரியாவிட்டாலும், ஒரு பக்கத்தின் அச்சுப்படி இருந்தால் எழுத்துக்கு எழுத்து பொருத்தி அட்டவணை போட்டுவிடலாம். அன்று நான் எடுத்துவைத்த ஒரு பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கொம்பு மட்டும் கொஞ்சம் படுத்தும்: பழைய முறையில் "கொ" என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டாக இருக்கும். யூனிகோடில் ககரம் முன்னால் வந்து, கொம்பும் காலும் ஒரே குறியாக அதன் பின்னால் சேர வேண்டும். இது பொறுமை கேட்கும் வேலை, அவ்வளவுதான்.

தங்கள் பதிலில் இன்னொரு வாசகமும் இருந்தது: இவற்றைப் படிக்கும் கருவிகள் தற்போது உலகில் எங்கும் இல்லையாம். சோனி நிறுவனம் ஜப்பானில் பிளாப்பி விற்பனையை நிறுத்தியதே 2011-இல்தான். அரசு அலுவலகங்களுக்கு பிளாப்பியில் ஆவணம் தர வேண்டும் என்ற விதிகளை ஜப்பான் அரசு நீக்கி முடித்தது 2024-இல். உலகம் வேண்டாம், காட்பாடியில் ரயில் ஏறி, மின்னணுப் பொருள்கள் விற்கும் சென்னை ரிச்சி தெரு வரை போய்வந்திருந்தால் போதும். பழைய 5.25 அங்குல டிரைவ் ஒன்றும் 3.5 அங்குல டிரைவ் இரண்டும் அங்கிருந்து வாங்கிவந்து என் வீட்டில் வைத்திருக்கிறேன். கிரீஸ்வீசல் என்ற சிறிய மின்சுற்றுப் பலகையும் வைத்திருக்கிறேன். அது கோப்புகளைத் தேடாது. காந்தப் பரப்பில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் நேரக் கணக்கோடு அப்படியே பதிந்துகொள்ளும். செக்டர் கெட்டிருந்தாலும், அந்தப் பதிவை வைத்துக்கொண்டு பிளாப்பியை மறுபடி தொடாமலே நிதானமாக ஆராயலாம். 212 பிளாப்பிகளின் கோப்புகளையும் சேர்த்தால்கூட 310 மெகாபைட்டைத் தாண்டாது. தங்கள் ஆண்டுவிழாக் காணொளி அதைவிடப் பெரியது.

விழா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. "மின்னூலகம்" என்று பெரிய பதாகை கட்டி, குளிரூட்டிய அறையைத் திறந்துவைத்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவன் நான். அந்த அறைக்கு நேர்கீழே, மாடிப்படி அடியில், ஐப்பசி மழைக்கு ஓதமேறும் பீரோவில்தான் இந்தப் பிளாப்பிகள் இருக்கின்றன. பூஞ்சை பிடித்த பிளாப்பியைத் துடைக்காமல் டிரைவில் போட்டால் அந்த அழுக்கு டிரைவின் தலையில் ஒட்டி, அடுத்து வரும் பிளாப்பியையும் கீறிவிடும். நீரில்லா ஆறு, சாமியில்லாக் கோயில் என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள். கோட்டைக் கோயிலுக்கு 1981-இல் சாமி வந்துவிட்டது, 2021-இல் பாலாற்றில் வெள்ளமே போனது. ஆவணமில்லா ஆவணக் காப்பகம் என்று புதிதாக ஒன்றை நாம் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பணம் கேட்கவில்லை. பிளாப்பிகளை வெளியே எடுத்துப்போகவும் கேட்கவில்லை. ஒரு மேசை, ஒரு மின் இணைப்பு, மூன்று வாரம், உடனிருந்து கற்றுக்கொள்ள அந்தத் தம்பி, இவ்வளவு போதும். எடுத்த படிகள் அனைத்தும் உங்களுக்கே. படி மாறாமல் இருப்பதைக் காட்டும் சரிபார்ப்பு எண்களோடு பட்டியல் எழுதித் தருகிறேன். அதற்குப் பிறகும் ஏலம் விட வேண்டும் என்று குழு முடிவு செய்தால், காயலான் கடைக்காரரோடு சேர்ந்து நானும் பீரோவைத் தூக்கிவிடுகிறேன். அதுவரை ஏலப் பட்டியலிலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் தயவுசெய்து நீக்கிவையுங்கள்.

இந்த மடலைப் படித்து முடித்ததும் தம்பியை அழைத்து ஒரு சிறிய வேலை சொல்லுங்கள். 3.5 அங்குல பிளாப்பிகளின் பின்பக்க மூலையில் சிறிய பிளாஸ்டிக் தாழ்ப்பாள் ஒன்று இருக்கும். அதைத் தள்ளித் துளை தெரியும்படி வைத்துவிட்டால் டிரைவால் அதன்மேல் எழுத முடியாது. 1995-இலேயே அதைத் தள்ளிக் கொடுக்காதது என் பிழை. 47-ஆம் எண்ணிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். லேபிள் ஓரத்துச் சுண்ணாம்பைத் துடைத்துவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பிளாப்பிகளைத் தட்டச்சு செய்தவன்
பாகாயம், வேலூர்