பிக்கப் சீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். களக்காடு, ஏர்வாடிப் பக்கமிருந்து வாழைத்தாரும், பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறியும் ஏற்றிவரும் பழைய பிக்கப் வண்டிகள் பலவற்றில், சீட்டுக்கும் கேபினின் பின்தகட்டுக்கும் நடுவே உள்ள இடம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஜாக்கி, லீவர், வீல் ஸ்பானர், நனைந்த தார்ப்பாய், கயிற்றுச் சுருள், சில வேளை பாதி டீசலுடன் ஒரு கேன் எனக் கையில் கிடைத்ததெல்லாம் அங்கே திணிக்கப்படுகிறது. அவற்றில் ஒன்றைக்கூட யாரும் கட்டிவைப்பதில்லை.

இதன் ஆபத்தை ஓட்டுநர்கள் அறிய வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதிலாவது மோதி நின்றால், கட்டாமல் கிடக்கும் ஜாக்கி அதே வேகத்தில் முன்னே பாயும்; சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகம் அது. மோதல் வேண்டும் என்பதுகூட இல்லை. ஓங்கி பிரேக் பிடித்தாலே சீட்டுக்கு அடியில் உருண்டு வரும் லீவர், பிரேக் பெடலுக்குக் கீழே போய்ச் சிக்கிக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் பழைய பிக்கப்புகள் பலவற்றில் பெட்ரோல் டேங்கே சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள் இருந்தது. 1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலெட் சி-10 அந்த வகை. 1973 மாடலில்தான் டேங்க் கேபினை விட்டு வெளியேறியது. இன்று அந்தப் பழைய வண்டிகளைப் புதுப்பிப்பவர்களில் பலர் டேங்கைக் கழற்றி வண்டிக்கு அடியில் பொருத்திவிட்டு, காலியான இடத்தைச் சாமான் வைக்கப் பயன்படுத்துகிறார்கள். நம் வண்டிகளில் டேங்க் வெளியே இருக்க, நாமே எரிபொருளைக் கேனில் அடைத்து உட்காரும் முதுகுக்குப் பின்னால் வைப்பது வேதனையாக இருக்கிறது.

அந்த இடத்தின் வடிவத்தைக் கவனித்தால் வழி தெரியும். பின்தகடு நேராக நிற்க, சீட்டின் முதுகு சாய்ந்திருப்பதால், இடம் மேலே குறுகி அடியில் அகன்றிருக்கிறது. கடையில் விற்கும் சதுரப் பெட்டி அங்கே பாதி இடத்தை வீணாக்கும். முதலில் அட்டையை வெட்டி வைத்துப் பார்த்து, சீட்டின் சாய்வுக்கு ஏற்ப முன்பக்கம் சரிந்த பெட்டியை 12 மில்லிமீட்டர் பிளைவுட்டிலோ தகரத்திலோ செய்துகொள்ளலாம். கனமான ஜாக்கியும் ஸ்பானரும் அடித்தட்டில் பட்டை போட்டு இறுக்கப்பட வேண்டும். மேலே ஃபேன் பெல்ட், பல்பு, ஃபியூஸ், கையுறை போதும். பெட்டி தரையில் ஒட்டி உட்காரக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவு ரப்பர் வழியே இறங்கும் நீர் அங்கேதான் தேங்கி, பழைய வண்டியின் தரைத்தகட்டை அரிக்கிறது. ஆகவே நான்கு மூலையிலும் ரப்பர் புஷ் வைத்து உயர்த்தி, தண்ணீர் வடியும் துளைகளைத் திறந்தே விட வேண்டும். ஈரத் தார்ப்பாய்க்குக் கேபினில் இடமே கூடாது.

முதலுதவிப் பெட்டியும் எச்சரிக்கை முக்கோணமும் ஓட்டுநர் கதவைத் திறந்தவுடன் கைக்கு எட்ட வேண்டும். இரவில் நான்குவழிச் சாலை ஓரத்தில் பஞ்சராகி நிற்பவர், அவற்றைத் தேடிச் சாமான்களை இறக்கிக்கொண்டிருக்க முடியாது.

கேபின் தகட்டை வெட்டுவதும், சீட்டின் பிடிமானத்தை மாற்றுவதும் வேண்டாம். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளில் பொருத்தி, வேண்டும்போது கழற்றிவிடக்கூடிய பெட்டியே நல்லது.

லோடு ஏற்றும் பகுதிக்குக் கம்பி கட்டவும் பெயின்ட் அடிக்கவும் தாராளமாகச் செலவு செய்யும் உரிமையாளர்கள், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் உள்ள இந்தச் சிறு இடத்துக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டுகிறேன். நெல்லை, தென்காசி மாவட்டங்களில் பாடி கட்டும் பட்டறைகள், அதிகம் ஓடும் மாடல்களுக்கு அளவெடுத்து இந்தப் பெட்டியைத் தயாராக வைத்திருந்தால் பலரும் வாங்கிப் பொருத்துவார்கள். பேட்டை அரசு தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் இதை மாணவர்களுக்கான பயிற்சி வேலையாகக் கொடுப்பது பற்றியும் ஆசிரியர்கள் பரிசீலிக்க வேண்டும்.

இப்படிக்கு,
பழைய பிக்கப் உரிமையாளர் ஒருவர்,
அம்பாசமுத்திரம்.