எல்லாவற்றுக்கும் மனசுதான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த மனநலக் கட்டுரையைப் படித்தேன். பேய், செய்வினை என்று அலையாமல் டாக்டரிடம் போங்கள் என்று எழுதியது சரி. ஆனால் காரணம் என்று வந்தபோது படிப்புச் சுமை, காதல் தோல்வி, வீட்டுச் சண்டையோடு முடித்துவிட்டீர்கள். உடம்பில் வந்த கோளாறே மூளையைத் தாக்கி, மனநோய் போல வேஷம் கட்டிக்கொண்டு வரும் என்று இரண்டு வரி சேர்த்திருக்கலாம்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது. என் அக்கா மகளுக்கு அப்போது 19 வயது. வைகாசியில் இங்கே குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த கையோடு நாலு நாள் லேசான ஜுரம், தலைவலி. அப்புறம் தூக்கம் போனது. டிவியில் வருகிறவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றாள். பெற்றவளைப் பார்த்து "நீ யாரு?" என்றாள். அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நாங்கள் மந்திரிக்கப் போகவில்லை என்று எழுத ஆசைதான்; இரண்டு இடம் போனோம். பிறகு ஒரு கிளினிக்கில் மனநோய்க்கு மாத்திரை கொடுத்தார்கள். ஜுரம் வந்ததைச் சொன்னோம். "அது வேற, இது வேற" என்றார்கள். பத்தாம் நாள் வாய் கோணிக் கோணி இழுத்து, ஃபிட்ஸ் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆன்ட்டி என்எம்டிஏ ரிசெப்டார் என்கெஃபலைட்டிஸ் என்று பெயர். நோயை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே தடம் மாறி, சொந்த மூளையின் செல்களைத் தாக்குகிறதாம். 2007இல்தான் ஜோசப் டால்மாவ் என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் இதை அடையாளம் கண்டார்கள். இளம்பெண்கள் சிலருக்குச் சினைப்பையில் இருக்கும் கட்டி இதைக் கிளப்பிவிடும் என்று ஸ்கேனும் எடுத்தார்கள். இவளுக்குக் கட்டி இல்லை. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புப் புரதம்) ஊசி, மாதக்கணக்கில் படுக்கை. அடுத்த வருஷம் காலேஜுக்குத் திரும்பினாள்.

உடம்பு நோய் மனநோய் போல வருவது ஒன்றும் புதுக்கதை இல்லை. ஒரு காலத்தில் ஐரோப்பிய மனநோய் விடுதிகளில் புத்தி பேதலித்து, கைகால் விழுந்து செத்த பலருக்கு இருந்தது மேகநோய், அதாவது சிபிலிஸ். 1913இல் நொகுச்சி, மூர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கிருமியை இறந்தவர்களின் மூளையிலேயே கண்டார்கள். பென்சிலின் வருவதற்கு முன், இந்த நோயாளிகளுக்கு மலேரியாவை ஏற்றி வைத்தியம் பார்த்த வாக்னர் யாவ்ரெக் என்ற டாக்டருக்கு 1927இல் நோபல் பரிசே கிடைத்தது. (கேட்டால் இன்றைக்கும் பகீர் என்கிறது.) அவ்வளவு தூரம் எதற்கு? நம் நாட்டில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதலில் கண்டறியப்பட்டதே 1955இல் நம் வேலூரில்தான். இங்கே சகஜமாகிவிட்ட உண்ணிக்காய்ச்சல் முற்றினாலும் ஆள் பிதற்றுவது உண்டு.

இதைப் படித்துவிட்டு, வருஷக்கணக்காகச் சாப்பிடும் மாத்திரையை யாரும் நிறுத்திவிட வேண்டாம். மனநோய் எல்லாமே இப்படி உடம்புக் கோளாறால் வருவதில்லை. நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை ஒரே வாரத்தில் மாறிப்போய், கூடவே ஜுரமோ ஃபிட்ஸோ இருந்தால், நரம்பு டாக்டரையும் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். முதுகில் நீர் எடுத்தால் கால் விழுந்துவிடாது என்பதை ஒரு நரம்பியல் டாக்டரைக் கொண்டு பெரிய எழுத்தில் போடுங்கள். அந்தப் பயத்தில் அக்கா கையெழுத்துப் போடாமல் எங்களுக்கு ஒரு ராத்திரி முழுக்க வீணானது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குடியாத்தம்