செயலாளர் ஆண்டறிக்கை: நூலகத்துக்குக் கிடைத்த நாணய நூல்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் பள்ளி மாணவர்களுக்கான கண்காட்சியும் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனவே இவ்வறிக்கையில் நம் நாணயச் சங்க நூலகத்தைப் பற்றியே அதிகம் பேச விரும்புகிறேன்.

மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவரின் குடும்பத்தார் அவருடைய நாணய நூல்கள் அனைத்தையும் சங்கத்துக்கு வழங்கியுள்ளனர். வால்டர் எலியட்டின் 'தென்னிந்திய நாணயங்கள்' (1886), டேனிஷ் மிஷனரி லோவந்தால் எழுதிய 'திருநெல்வேலி நாணயங்கள்' (1888) ஆகியவற்றின் ஒளிநகல்கள், தென்னிந்திய நாணயங்கள் பற்றிய தேசிகாச்சாரியின் 1933ஆம் ஆண்டு நூல், இலங்கை நாணயங்களுக்கு இன்றும் முதலில் புரட்ட வேண்டிய காட்ரிங்டனின் நூல் (1924), பாண்டியர், சோழர் காசுகள் பற்றிய பிடல்ஃபின் இரு சிறு நூல்கள் எல்லாம் அதில் உள்ளன. எலியட் நூலின் ஓரங்களில் அந்த மூத்த உறுப்பினர் தம் காசுகளின் எடையைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் குறிப்புகளை யாரும் அழித்துவிடக் கூடாது என்று நூலகப் பொறுப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

நூலின் அருமையை இரண்டு கூட்டங்களில் நேரிலேயே கண்டோம். இளம் உறுப்பினர் ஒருவர் சங்ககாலப் பாண்டியன் 'பெருவழுதி'யின் காசு என்று விற்கப்பட்ட சதுரச் செப்புக்காசு ஒன்றைக் கொண்டுவந்தார். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியின் சங்ககால நாணய நூலை (1997) மேசையில் விரித்து, லென்ஸை வைத்துக் குதிரையையும் மேலுள்ள தமிழ்-பிராமி எழுத்துகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். படத்தில் எழுத்துகள் கூர்மையாக நிற்கின்றன. கையிலிருந்த காசிலோ அவற்றின் ஓரங்கள் மழுங்கி, பரப்பெங்கும் குமிழ் வெடித்த சிறு குழிகள். பக்கவாட்டில் வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு. அச்சடித்த காசல்ல, வார்த்த போலி. வாங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால் தம்பியின் பணம் மிஞ்சியிருக்கும்.

இன்னொருவர் 1808ஆம் ஆண்டின் பத்துக் காசு பளபளப்பாகக் கிடைத்திருக்கிறதே, அபூர்வமா என்று கேட்டார். சென்னை மாகாணத்துக்காக பர்மிங்காமின் சோஹோ ஆலையில் அடித்த இக்காசுகளை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. பின்னர் கடலடியிலிருந்து ஏராளமாக எடுக்கப்பட்டன. இந்தக் கதை தெரிந்தவர் அக்காசுக்கு அதிக விலை கொடுக்கமாட்டார்.

அலமாரியிலுள்ள க்ராஸ் உலக நாணயப் பட்டியல்கள் பழைய பதிப்புகள். விலையை நம்ப வேண்டாம். அடையாள எண்ணுக்கும் படத்துக்கும் அவை இன்றும் போதும்.

நல்ல நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பது நம் மாணவ உறுப்பினர்களுக்குப் பெரிய தடை. வரும் ஆண்டு ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு நூலின் ஓர் இயலைத் தமிழில் எடுத்துச் சொல்ல செயற்குழு தீர்மானித்துள்ளது. முதலில், யாழ்ப்பாண மன்னர்கள் 'சேது' என்று பொறித்து வெளியிட்ட காசுகள் பற்றிக் காட்ரிங்டன் எழுதியது. பேச முன்வருவோர் பெயர் தரலாம். ஒளிநகல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். மூலப் பதிப்புகளைச் சங்க அறையிலேயே படிக்க வேண்டும். நூல்களைத் திருப்பித் தராதவர்கள் இம்மாத இறுதிக்குள் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்