புல்லாங்குழல் விஸ்வநாதன் நினைவு மாலை: கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

அன்புள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

புல்லாங்குழல் வித்வான் டி. விஸ்வநாதனுக்காக நாம் ஏற்பாடு செய்த நினைவு மாலை நல்லபடியாக நடந்து முடிந்தது. கிளம்பும்போது பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு போய்ச் சேரவேண்டியவர்கள் வேறு பலர். அவர்களுக்கு எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி மந்தைவெளி மாமிக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் மாமி என்றே எழுதுகிறேன். அவருடைய அக்கா எழுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுனில் இருக்கும் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் விஸ்வநாதனிடம் படித்தவர். அங்கிருந்து அம்மாவுக்கு எழுதிய ஏரோகிராம்களில் (ஒரே தாளை மடித்து ஒட்டும் விமானத் தபால் கடிதங்கள்) ஒன்றைக்கூட அம்மா தூக்கிப் போடவில்லை. அத்தனையையும் மாமி நம்பி என்னிடம் கொடுத்தார். இடம் போதாமல் ஓரங்களைச் சுற்றிச் சுற்றி எழுதிய கடிதங்கள். அவசரமாகப் பிரித்ததில் மடிப்போரத்து எழுத்துகள் சில கிழிந்துபோயிருக்கின்றன. ஒரு கடிதத்தில் பனி, குளிர், நல்ல புளி கிடைக்காத கவலை எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் சஹானா ராகப் பதம் (மெதுவாகப் பாடும் ஒருவகைப் பாட்டு) ஒன்றின் ஒரே ஒரு வரியை ஸ்வரப்படுத்தி வைத்திருக்கிறார். 'க' என்ற காந்தார ஸ்வரத்தின் தலைக்கு மேல் பேனாவால் ஒரு வளைகோடு. அந்தக் கோட்டை இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறார். அந்த ஸ்வரத்தின் அசைவு காகிதத்தில் பிடிபடவில்லை என்பது பார்த்தாலே தெரிகிறது. வகுப்பில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரியவைத்தது அந்த அடித்தல்தான்.

காகிதத்தில் பிடிபடாத அந்த இசையை வாய்வழியாகவே சொல்லிக்கொடுத்த வீட்டிலிருந்து வந்தவர் விஸ்வநாதன். வீணை தனம்மாளின் பேரன், ஜெயம்மாளின் மகன், பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி, மிருதங்க வித்வான் ரங்கநாதனுக்கும் தம்பி. 1927இல் பிறந்தவர். சிறு வயதிலேயே திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் குழல் கற்கத் தொடங்கினார். பிள்ளைவாள் நாகஸ்வரக் குடும்பத்திலிருந்து வந்தவர். பாடுகிறமாதிரியே வாசிக்கவேண்டும் என்ற வழி அங்கிருந்தும் வந்தது, தனம்மாள் வீட்டிலிருந்தும் வந்தது. கச்சேரி நடுவே குழலைக் கீழே வைத்துவிட்டு விஸ்வநாதன் வாய்விட்டுப் பாடுவார், பிறகு குழலை எடுத்துத் தொடர்வார். அதை நேரில் கேட்டவர்கள் இன்றும் அதையேதான் முதலில் சொல்கிறார்கள்.

1958இல் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் லாஸ் ஏஞ்சலீஸ் போய்ப் படித்துவிட்டுத் திரும்பி, அறுபதுகளின் முற்பாதியில் சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறைக்குத் தலைமை தாங்கினார். அப்புறம் மறுபடி அமெரிக்கா. 1975இல் வெஸ்லியனில் முனைவர் பட்டம், 2002இல் மறையும்வரை அங்கேயே ஆசிரியப் பணி. 1988இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது. 1992இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது. இவ்வளவு இருந்தும் நம் ஊர்ப் பேச்சில் அவர் பெரும்பாலும் 'பாலாவின் தம்பி' என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறார். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. வீட்டுக்குள் வாய்வழியாக மட்டும் வந்த ஒரு பாணியை, தமிழோ தெலுங்கோ தெரியாத பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக வகுப்பறையில் உட்கார்ந்து வருடக்கணக்கில் சொல்லிக்கொடுப்பது சாதாரண வேலை இல்லை. மாமி கொடுத்த கடிதங்கள் இல்லாவிட்டால் இதை நான் மேடையில் வெறும் தகவலாகத்தான் சொல்லியிருப்பேன்.

அடுத்து, பழைய ஒலிநாடாக்களைக் காப்பாற்றிக் கொடுத்த தம்பிக்கு. பூஞ்சை பிடித்த கேசட்டுகளைத் திருகாணி கழற்றிப் பிரித்து, நாடாவைத் துடைத்து, வேறு கூட்டுக்குள் மாற்றி ஓடவிட்டார். ஓட்டத்தின் வேகம் மாறியதால் சுருதி ஏறிப்போயிருந்தது. தம்பூராவை அளவாக வைத்து அதை இறக்கினார். காசு வாங்க மறுத்துவிட்டார். தம்பி, அன்று கூடத்தில் அந்த ஆலாபனை ஒலித்தபோது பின்வரிசையில் யாரும் அசையவில்லை. நீங்கள் ஒலிப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்ததால் கவனித்திருக்கமாட்டீர்கள்.

என் உரையைப் படித்துத் திருத்திய வித்வான் ஐயாவுக்கு நமஸ்காரம். 1984ஆம் வருடத்தைப் பற்றி ஒரு பத்தி கட்டாயம் வேண்டும் என்று அவர்தான் வற்புறுத்தினார். அந்த வருடம் பிப்ரவரியில் பாலசரஸ்வதி காலமானார். டிசம்பரில் ஜான் ஹிக்கின்ஸ் விபத்தில் இறந்துபோனார். நம்மவர்கள் வாய் நிறைய 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்று அழைத்த அந்த அமெரிக்கர் விஸ்வநாதனின் மாணவர், வெஸ்லியனில் சக பேராசிரியரும்கூட. 1987இல் ரங்கநாதனும் போய்விட்டார். அக்கா, மாணவர், அண்ணன் என்று இத்தனை பேரைப் பறிகொடுத்த பிறகும் பதினைந்து வருடம் அவர் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஐயா சொன்னது சரி, அந்தப் பத்தி இல்லாமல் அவருடைய வாழ்க்கையைச் சொல்லமுடியாது.

குழல் வாசித்த இரண்டு பெண்களுக்கும் அன்பு. துரிதமாக வாசித்துக் கைத்தட்டல் வாங்கத் தெரிந்தும், விளம்ப காலத்தில், அதாவது மெதுவான நடையில், ஒரு பதத்தை எடுத்து நிதானமாக வாசித்தீர்கள். உங்கள் வயதுக்கு அது பெரிய தைரியம்.

கூடத்தை வாடகையில்லாமல் கொடுத்த பள்ளி நிர்வாகத்துக்கும், நாற்காலி போட்டு, சுண்டலும் காபியும் கொடுத்து, எல்லாம் முடிந்தபின் பெருக்கியும் வைத்த தோழர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடிதங்களை நகலெடுத்தாயிற்று. குடும்பத்தார் பார்த்து ஒப்புக்கொள்ளும் பகுதிகளை மட்டும் தட்டச்சு செய்யப்போகிறோம். பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும், ஸ்வரக் குறிப்பு எழுதத் தெரிந்தவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஒதுக்கமுடிந்தால் சொல்லுங்கள். விஸ்வநாதனோ ரங்கநாதனோ வாசித்த ஒலிநாடா யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், தயவுசெய்து நீங்களே ஓட்டிப் பார்க்கவேண்டாம், நாடா அறுந்துவிடும். ஒரு வார்த்தை சொல்லுங்கள், நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம்.

அன்புடனும் நன்றியுடனும்,
நினைவு மாலை ஏற்பாட்டுக் குழுவுக்காக