தலைக்கு மேல் இருப்பதையும் அளந்து பாருங்கள்

அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நிறைவுச் சான்று தரும் சென்னை அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் இன்னொரு அடுக்குமாடி எழும்பிவிட்டது. அதே வெறும் கான்கிரீட் கூரைத் தளம், அதே மெலிசான வெளிச்சுவர், மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல், அதற்கு ஒரு சன்ஷேடு கூட இல்லை. அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இப்படிக் கட்டிய ஒன்றின் மேல் மாடியில்தான் நாங்கள் இருக்கிறோம். மே மாத வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்களைப் படுத்துவது ராத்திரி. பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தளம் இருட்டிய பிறகு வீட்டுக்குள் இறக்குகிறது. கடற்காற்று வந்து தெருவே குளிர்ந்திருக்கும், உள்ளே ஃபேனைப் போட்டால் அனல்தான் இறங்கும். பதினோரு மணிக்கும் மேற்குச் சுவரில் கை வைத்தால் சுடுகிறது. என் அம்மாவுக்கு ஏசி ஆகாது, மூச்சு இழுக்கும். வாசல் கதவோரம் தரையில் ஈரத் துண்டை விரித்துப் படுக்கிறார். துண்டு காய்ந்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் மறுபடி நனைத்து வருகிறார்.

கட்டியவர்களிடம் கேட்டால், "டாப் ஃப்ளோர்னா அப்படித்தான் சார், இன்னொரு ஏசி போட்டுக்கோங்க" என்கிறார்கள். ஏன் அப்படித்தான்? இதே ஊரில் தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் மெட்ராஸ் டெரஸ் போட்டார்கள். கான்கிரீட் வந்த பிறகும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்தார்கள். இப்போது வெள்ளை பெயின்ட் ஒன்றோடு வேலை முடிந்துவிடுகிறது, இரண்டு மழைக்காலம் போனால் அதுவும் பாசியேறிக் கறுத்துவிடும்.

2018இல் மத்திய மின்துறை அமைச்சகம் கொண்டுவந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீடுகளுக்கான மின்சிக்கன விதித்தொகுப்பு, கூரை எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்பதைச் சொல்லும் யு மதிப்பு 1.2க்கு மேல் போகக்கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கடத்தும். பக்கத்தில் விட்ட இடத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் டேப் பிடித்து அளக்கிறீர்களே, தளத்தின் மேல் வெப்பத் தடுப்பு இருக்கிறதா என்று மட்டும் ஏன் பார்ப்பதில்லை? அது இல்லாத கட்டடத்துக்குச் சான்று தராதீர்கள்.

தளம் ஒழுகினாலாவது, வீடு வாங்குகிறவர்களைக் காக்கும் ரெரா சட்டத்தின் 14ஆம் பிரிவைக் கட்டியவர்களிடம் காட்டி, ஐந்து வருடத்துக்குள் வந்த குறை, 30 நாளில் உங்கள் செலவில் சரிசெய்யுங்கள் என்று கேட்கலாம். ஓதத்தைப் போட்டோ எடுத்துக் காட்டலாம். சூட்டை எதைக் காட்டி நிரூபிப்பது? ஆயுசுக்கும் கடன் கட்டி வாங்கிய வீட்டில் கரன்ட் பில்லுக்கும் தனியாக அழ வேண்டியிருக்கிறது. ஏசி வாங்கவே வழியில்லாமல் அரசுக் குடியிருப்புகளின் மேல் மாடியில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், வீட்டுக்கு வீடு குழி தோண்டினோம். இதையும் செய்ய முடியும். வெப்பத் தடுப்பு இல்லாத தளத்துக்கு நிறைவுச் சான்று வேண்டாம் என்பதுதான் எங்கள் கோரிக்கை. விதியை மாற்ற நாளாகும் என்றால் சரி, அதுவரை தளத்தில் என்னென்ன அடுக்கு போடுகிறார்கள் என்று வரைபடத்தில் எழுதச் சொல்லி ஒரு சுற்றறிக்கையாவது தயவுசெய்து அனுப்புங்கள். வாங்குகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் படித்துப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மேல் மாடியில் குடியிருப்பவன்